குளியலறைக் கண்ணாடிக் கதவும் வீடு திரும்பும் நோயாளியும்

அறுவைச் சிகிச்சை முடிந்தோ பக்கவாதத்திலிருந்து மீண்டோ ஒருவர் வீடு திரும்பும் நாளில் குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பல. எந்த மாத்திரையை உணவுக்கு முன் தர வேண்டும், என்னென்ன உண்ணலாம், எப்போது தலைக்குக் குளிக்கலாம் என்பன அவற்றுள் முதன்மையானவை. அவர் எங்கே குளிக்கப் போகிறார் என்பதைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. மாமல்லபுரம் முதல் கல்பாக்கம் வரையிலும் செங்கல்பட்டு நகரைச் சுற்றியும் அண்மையில் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றில், அந்த இடம் கண்ணாடித் தடுப்பும் கண்ணாடிக் கதவும் கொண்ட ஒரு சிறு கூடாக இருக்கிறது. அந்தக் கதவைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதியவர், நடை தளர்ந்தவர், பாதங்களில் உணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளி, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர் ஆகியோருள் ஒருவரேனும் வாழும் வீட்டில், குளிக்கும் இடத்துக்குக் கண்ணாடிக் கதவு வேண்டியதில்லை. ஏற்கெனவே கதவு இருக்குமானால், அது எவ்வகைக் கண்ணாடி, அதன் கீல்கள் எந்நிலையில் உள்ளன என்பதை நோயாளி வீடு திரும்புவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்த கதவு

கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதிகளில் ஓரிரு நாள் தங்கிய குடும்பங்கள், அங்குக் கண்ட குளியலறையைத் தம் வீட்டிலும் விரும்புவது இயல்பே. வெளிநாட்டிலோ வேறு ஊரிலோ பணிபுரியும் பிள்ளைகள், ஊரில் தனித்திருக்கும் பெற்றோருக்கு வீட்டைப் புதுப்பித்துத் தரும்போது இதை ஒரு சிறப்பாகவே செய்கின்றனர். அந்த அன்பை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் விடுதிக்கும் வீட்டுக்கும் வேறுபாடு உண்டு. விடுதியில் தங்குபவர் பெரும்பாலும் நலமுடன் இருப்பவர். இரண்டு நாளில் கிளம்பிவிடுபவர். வீட்டில் அதே கதவை ஒருவர் இருபது ஆண்டுகள் திறந்து மூட வேண்டும். அறுபது வயதில் எளிதாக இருந்த கதவு எண்பது வயதிலும் அவ்வாறே இருக்கும் என்று எண்ண இடமில்லை. பிள்ளைகள் செய்து தந்ததைக் குறை சொல்லப் பெற்றோருக்கு மனம் வருவதில்லை. குளியலைச் சுருக்கிக்கொள்வார்கள், அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிப்பார்கள். காரணத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

கண்ணாடித் தடுப்புக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு. நீர் தெறிக்காமல் அது தடுக்கிறது; கழிப்பறைப் பகுதி உலர்ந்திருப்பதால் அங்கு வழுக்கி விழுவது குறைகிறது. இவ்வாதம் உண்மையானது. உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் தவறி விழுவதால் இறக்கின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் தெரிவிக்கிறது. ஆகவே உலர்ந்த தரையின் மதிப்பை எவரும் மறுக்க இயலாது. ஆனால் அந்தப் பயனைத் தருவது நீரைத் தடுக்கும் ஏற்பாடே. தரைச்சரிவைச் சரியாக அமைப்பதும், தரையை எட்டும் கனமான நெகிழித் திரையைத் தொங்கவிடுவதும் அதே பணியைக் குறைந்த செலவில் செய்யும். திரையின் மீது ஒருவர் சாய்ந்தால் அவரைத் தாங்க அதனால் இயலாது என்பது உண்மையே. ஆனால் அது உடைந்து அவரைக் காயப்படுத்துவதும் இல்லை. தாங்கும் என்ற பொய்யான நம்பிக்கையைத் தருவதும் இல்லை.

எல்லாக் கண்ணாடியும் ஒன்றல்ல

சாதாரணக் கண்ணாடி உடைந்தால் நீண்ட, கூரிய வாள் போன்ற துண்டுகளாகப் பிளக்கும். மேற்பகுதித் துண்டுகள் தம் எடையினாலேயே கீழ்நோக்கிச் சரியும். குளிப்பவர் ஆடையின்றி, காலணியின்றி, ஈரத்தரையில் நிற்பவர் என்பதை நினைவிற்கொண்டால் இதன் கொடுமை விளங்கும்.

கடைகளில் ‘டஃபன்டு கிளாஸ்’ என்று வழங்கப்படுவது வேறு வகை. கண்ணாடியை 600 பாகை செல்சியசுக்கும் மேல் சூடாக்கி, இருபுறமும் காற்றை வேகமாகப் பாய்ச்சிக் குளிர்வித்து அதைச் செய்கின்றனர். மேற்பரப்பு முதலில் இறுகிவிட, உட்பகுதி பின்னர் சுருங்கி மேற்பரப்பை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே அது சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலிமையுடையது. உடைந்தாலும் கற்கண்டுத் துண்டுகளைப் போலச் சிறு சிறு கட்டிகளாகவே உதிரும். காரின் பக்கக் கண்ணாடி இவ்வகையைச் சேர்ந்தது. காரின் முன்புறக் கண்ணாடியோ ‘லேமினேட்டட்’ எனப்படும் மூன்றாம் வகை. இரு கண்ணாடிகளுக்கு நடுவே ஒட்டப்பட்ட நெகிழிப் படலம், உடைந்த துண்டுகளை உதிரவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் குளியலறைக் கதவுகளும் முற்றக் கதவுகளும் சாதாரணக் கண்ணாடியால் செய்யப்பட்ட காலத்தில் காயங்கள் பெருகின. 1970இல் அந்நாட்டின் தேசியப் பொருள் பாதுகாப்பு ஆணையம் வீட்டில் உள்ள ஆபத்தான பொருள்களுள் ஒன்றாகக் கட்டடக் கண்ணாடியையும் குறிப்பிட்டது. 1977 முதல் இத்தகைய கதவுகளுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியே பயன்பட வேண்டும் என்பது அங்கே கட்டாயமாயிற்று. நம் நாட்டிலும் பாதுகாப்புக் கண்ணாடிக்கு ஐ.எஸ். 2553 என்ற தரம் உண்டு; கட்டடங்களில் மனிதர் மோதக்கூடிய இடங்களில் எத்தகைய கண்ணாடி வேண்டும் என்பதை ஐ.எஸ். 16231 தரத்தின் நான்காம் பகுதி கூறுகிறது. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் கண்ணாடிக்கெனத் தனிப் பிரிவை வைத்திருக்கிறது. விதி இல்லாமல் இல்லை. ஆனால் தனி வீட்டுக் குளியலறைக்குள் வந்து அதைச் சரிபார்ப்பவர் எவரும் இல்லாததால், அப்பொறுப்பு வீட்டாரையே சேர்கிறது.

சரிபார்ப்பது கடினமன்று. முறையாகச் செய்யப்பட்ட பாதுகாப்புக் கண்ணாடியின் ஒரு மூலையில் அழியாத சிறு முத்திரை இருக்கும். அதில் தயாரிப்பாளரின் பெயரையும் ஐ.எஸ்.ஐ. குறியையும் தர எண்ணையும் காணலாம். ஈரத்துணியால் துடைத்து, கைவிளக்கை மூலைக்கு அருகில் பிடித்துப் பார்த்தால் தெரியும். நான்கு மூலைகளிலும் ஒன்றும் தென்படவில்லையெனில், அதைச் சாதாரணக் கண்ணாடி என்றே கருதி நடந்துகொள்வது நல்லது. இன்னொரு குறிப்பும் உண்டு: டஃபன்டு கண்ணாடியைச் செய்து முடித்தபின் வெட்டவோ துளையிடவோ முடியாது, முயன்றால் முழுவதும் நொறுங்கிவிடும். வீட்டிற்கே வந்து கண்ணாடியை அளவுக்கு வெட்டிப் பொருத்தினார்கள் எனில் அது டஃபன்டு கண்ணாடி அன்று.

கடற்காற்றும் கீலும்

கடற்கரை வீடுகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 10 மில்லிமீட்டர் தடிமனும், இரண்டு மீட்டர் உயரமும், முக்கால் மீட்டர் அகலமும் உடைய கண்ணாடிக் கதவின் எடை ஏறத்தாழ 37 கிலோ. ஒரு மூட்டை சிமென்டின் எடையில் முக்கால் பங்கு அது. அவ்வளவு எடையையும் தாங்குபவை இரண்டு கீல்கள். அவற்றைச் சுவரில் இறுக்கியிருப்பவை சில திருகுகள். உப்புக் காற்றும் குளியலறை ஈரமும் சேர்ந்து அந்த உலோகத்தை மெல்ல அரிக்கின்றன. ‘துருப்பிடிக்காதது’ என்று விற்கப்படும் எஃகிலும் ரகங்கள் உள்ளன. 304 ரகத்தில் கடற்காற்றின் உப்பால் புள்ளிப் புள்ளியாக அரிப்பு தோன்றும். மாலிப்டினம் கலந்த 316 ரகம் அதைவிட நன்கு தாங்கும். ஆழ்துளைக் கிணற்று நீர் விட்டுச் செல்லும் வெள்ளைப் படிவு கீலின் இடுக்குகளில் தங்கி, அரிப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது.

கீல் தளர்ந்தால் கதவு சற்றே தாழும். தாழ்ந்த கதவின் கீழ்முனை தரைக்கல்லிலோ பக்கத்துக் கண்ணாடியிலோ உரசும். டஃபன்டு கண்ணாடியின் பரப்பு எவ்வளவு வலியதோ, அதன் விளிம்பும் மூலையும் அவ்வளவு மெலிந்தவை. உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாலும் தாங்கும் கதவு, மூலையில் ஒரு சிறு கல் இடித்தால் நொறுங்கிப் போகலாம். நம் வீடுகளில் ஷவர் இருந்தாலும் வாளியும் குவளையும் ஓய்வதில்லை. நீர் நிறைந்த வாளியை நகர்த்தும்போது அதன் விளிம்பு இடிப்பது கண்ணாடியின் கீழ்விளிம்பைத்தான்.

எவரும் தொடாத நேரத்தில், நள்ளிரவில் கூட, கதவு வெடிச்சத்தத்துடன் உதிர்வதும் உண்டு. சில குடும்பங்கள் இதைக் கண்ணேறு என்று கருதி அஞ்சுகின்றன. அஞ்ச வேண்டியதில்லை, காரணம் எளியது. முன்பே விளிம்பில் ஏற்பட்ட சிறு சேதம் காலப்போக்கில் முற்றியிருக்கும். அன்றியும், கண்ணாடியை உருக்கும்போது கலந்துவிட்ட நிக்கல் சல்பைடு என்னும் நுண்துகள் பின்னாளில் மெல்லப் பருத்து உள்ளிருந்தே அதைப் பிளப்பதும் உண்டு. ஆலையிலேயே கண்ணாடியை மீண்டும் சூடாக்கிப் பல மணி நேரம் வைத்திருந்து, இத்தகைய குறையுள்ளவற்றை முன்னதாகவே உடையச் செய்து நீக்கும் சோதனை உண்டு. வாங்கும்போது அச்சோதனை செய்யப்பட்டதா என்று கேட்கலாம்.

உடையாத கதவும் விழச் செய்யும்

கண்ணாடி உடைவதைவிட நாங்கள் அதிகம் அஞ்சுவது வேறொன்றை. வெந்நீரில் குளிக்கும்போது தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் குறைகிறது. இரத்த அழுத்த மாத்திரை, சிறுநீர் தடையின்றிப் போக உதவும் மாத்திரை ஆகியவற்றை உட்கொள்வோருக்கு இது கூடுதலாக நிகழும். முக்காலியிலிருந்து எழுந்ததும் தலை சுற்றும். கை தானாகவே அருகில் உள்ளதைப் பற்றும். கண்ணாடிக் கூட்டில் அருகில் இருப்பது கதவு. கதவோ அசைவதற்கென்றே அமைந்தது. பற்றியவரோடு அதுவும் நகரும், அவர் விழுவார். கதவில் பொருத்தப்பட்டுள்ள துவாலைக் கம்பியும் அப்படியே. துவாலையின் எடையைத் தாங்கவே அது போதும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் கையும் தரையும் ஒருங்கே வழுக்கும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

பக்கவாதத்துக்குப் பின் சிலருக்கு ஒரு பக்கத்துப் பார்வை குறைந்துவிடும்; சிலருக்குப் பார்வை இருந்தும் அந்தப் பக்கத்தில் உள்ளவற்றை மனம் கவனிக்காது. கண்புரை உள்ளவருக்கும் தெளிந்த கண்ணாடி கண்ணில் படாது. திறந்திருக்கும் கதவின் விளிம்பில் இவர்கள் மோதிக்கொள்வது கவனக்குறைவால் அன்று, நோயின் இயல்பால்.

நீரிழிவு நோயாளரின் நிலை இன்னும் நுட்பமானது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கின்றனர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023இல் தெரிவித்தது. நெடுநாள் நீரிழிவால் பாத நரம்புகள் உணர்விழந்தவருக்கு, கண்ணாடித் துணுக்கு குத்தியதே தெரியாது. தரையைப் பெருக்கிவிட்டோம் என்று வீட்டார் நிறைவுற்றிருக்க, இடுக்கில் தங்கிய ஒரு துணுக்கு சில நாள்களுக்குப் பின் பாதத்தில் ஏறி, புண்ணாகிச் சீழ் வைத்த பிறகே கண்டறியப்படும். டஃபன்டு கண்ணாடி ‘பாதுகாப்பானது’ என்பது பிறருக்குப் பொருந்தும் அளவுக்கு இவர்களுக்குப் பொருந்துவதில்லை.

பராமரிப்பவரைப் பற்றியும் ஒரு சொல். தானே குளிக்க இயலாதவரை நாற்காலியில் அமர்த்திக் குளிப்பாட்ட இருவர் நிற்க இடம் வேண்டும். கண்ணாடிக் கூட்டுக்குள் ஒருவருக்கே இடம். நோயாளி உள்ளே மயங்கிச் சரிந்தால், உட்புறமாகத் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துவிடும். மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வழிகாட்டு நெறிகளில் கழிவறைக் கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் நகர வேண்டும் என்று வலியுறுத்தப்படுவதன் காரணம் இதுவே.

செய்யக்கூடியவை

வீடு கட்டிக்கொண்டோ புதுப்பித்துக்கொண்டோ இருப்பவர்கள் கண்ணாடிக் கதவைத் தவிர்த்து, அந்தத் தொகையில் ஒரு பகுதியைக் கைப்பிடிக் கம்பிகளுக்கும் வழுக்காத தரை ஓடுகளுக்கும் செலவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். கம்பியைக் கழிப்பறைத் தொட்டியின் அருகிலும் குளிக்கும் இடத்திலும், ஓட்டின் மேல் மட்டும் ஒட்டாமல், செங்கல் சுவருக்குள் ஆழப் பதியுமாறு பொருத்த வேண்டும். பொருத்தியபின் வீட்டில் நல்ல உடல் வலிமை உள்ள ஒருவர் தம் முழு எடையையும் கொடுத்து இழுத்துப் பார்த்துவிட்ட பிறகே நோயாளியிடம் விட வேண்டும்.

கதவு ஏற்கெனவே இருந்து, உடனே அகற்ற இயலாதெனில் பின்வருவனவற்றைச் செய்யலாம்.

1. மூலையில் முத்திரை உள்ளதா எனப் பார்க்க வேண்டும். இல்லையெனில் கதவைக் கழற்றிவிட்டுத் திரையைத் தொங்கவிடுவதே நன்று. அதுவரை, துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும் பாதுகாப்புப் படலத்தைக் கண்ணாடிக் கடைக்காரரைக் கொண்டு ஒட்டச் செய்யலாம். படலம் சாதாரணக் கண்ணாடியைப் பாதுகாப்புக் கண்ணாடியாக மாற்றிவிடாது, சிதறலைக் குறைக்கும்.

2. மாதம் ஒருமுறை கீல்களின் படிவைத் துடைத்து, திருகுகளையும் ரப்பர் பட்டைகளையும் பார்க்க வேண்டும். கதவு தாழ்ந்திருந்தாலோ உரசினாலோ விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்திருந்தாலோ, அன்றே அதைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும்.

3. கண் மட்டத்திலும் இடுப்பு மட்டத்திலும் வண்ணப் பட்டை ஒட்ட வேண்டும்.

4. துவாலைக் கம்பியைக் கதவிலிருந்து அகற்றி, துவாலையைச் சுவரில் மாட்ட வேண்டும்.

5. வாளியைக் கண்ணாடிக்கு எதிர்ப்புறச் சுவரோரம் வைக்க வேண்டும்.

6. நோயாளி குளிக்கும்போது உள்தாழ்ப்பாள் போடலாகாது. குரல் கேட்கும் தொலைவில் ஒருவர் இருக்க வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கு வரும் இயன்முறைச் சிகிச்சையாளரிடமும் குளியலறையைக் காட்டி ஆலோசனை கேட்கலாம். வாசலில் நடக்கப் பயிற்சி தருபவருக்கு, வழுக்கும் இடம் எது என்பதும் தெரிந்திருப்பது நல்லது.

உடைந்துவிட்டால்

உள்ளே இருப்பவர் அசையாமல் நிற்கட்டும், அல்லது இருந்த இடத்திலேயே அமர்ந்திருக்கட்டும். வெளியில் இருப்பவர் காலணி அணிந்து சென்று, தடித்த துணியையோ மிதியடியையோ பாதையில் விரித்து அவரை அழைத்துவர வேண்டும். இரத்தம் வரும் இடத்தைத் தூய துணியால் அழுத்தி, இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிடமேனும் பிடிக்க வேண்டும். வார்ஃபரின், குளோபிடோக்ரல் போன்றவற்றை உட்கொள்வோருக்கு இன்னும் கூடுதல் நேரம் தேவைப்படும். ஆழமாகக் குத்தி நிற்கும் துண்டைப் பிடுங்கலாகாது. அதன் இருபுறமும் அழுத்தி, அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். மஞ்சள் தூளோ காப்பித்தூளோ வைத்து அடைக்க வேண்டா. புண்ணைத் தூய்மை செய்வதை அவை கடினமாக்கும். கண்ணில் பட்டிருந்தால் தேய்க்கக் கூடாது. கண்ணை அழுத்தாதவாறு ஒரு காகிதக் குவளையால் மூடி அழைத்துவர வேண்டும்.

கண்ணாடிக் காயம் வெளியே சிறிதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும். மணிக்கட்டில் வெட்டுப்பட்டு விரல் மடங்காவிட்டாலும் மரத்துப்போனாலும், தசைநாணோ நரம்போ அறுந்திருக்கலாம்; தாமதம் கூடாது. உள்ளே துணுக்கு தங்கியிருக்கும் ஐயம் இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கண்ணாடித் துண்டுகள் பெரும்பாலும் எக்ஸ்ரே படத்தில் தெரியும். காயம் சிறிதாயினும் டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேட்டறிய வேண்டும். பெருமளவு இரத்தம் கசிந்தால் 108ஐ அழைக்கத் தயங்க வேண்டா. இரத்தக்கசிவுக்கு அஞ்சி, உட்கொள்ளும் மருந்தைத் தாமாக நிறுத்துவதும் தவறு. அதை உங்கள் மருத்துவரே முடிவு செய்வார்.

கண்ணாடி விற்பவர்களுக்கும் கட்டடம் கட்டுபவர்களுக்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. குளியலறைக் கண்ணாடிக்கான விலைச்சீட்டில் அதன் வகையையும் தர எண்ணையும் எழுதித் தாருங்கள். கடற்கரை வீடு என்றால் கீலின் ரகத்தையும் எழுதுங்கள். வாங்குபவர் கேட்காவிட்டாலும் கேளுங்கள்: ‘வீட்டில் முதியவர் இருக்கிறாரா?’ குடும்பத்தினருக்குச் சொல்வதும் அதுவே. கதவை மாற்றுவதா வேண்டாவா என்பதை அதைப் பயன்படுத்தும் பெரியவரிடமே முதலில் கேளுங்கள். ‘அந்தக் கதவு உங்களுக்கு வசதியாக இருக்கிறதா?’ என்று பிள்ளைகளே வாய்திறந்து கேட்டால், இதுநாள்வரை சொல்லாமல் வைத்திருந்ததை அவர்கள் சொல்வார்கள்.